கேளுங்க சொல்றோம்: பங்காளி வீட்டுக்குப் போன ஸ்பனூலிஸ்

கே: கிரீஸ் பாஸ்கெட்பால்னாலே ஸ்டார் பிளேயர் யானிஸ் அண்டெடோகும்போ பேரைத்தான் சொல்றாங்க, யானிஸ் யானிஸ்னு. அவருக்கு முன்னாடி அங்க பெரிய ஆளே இல்லையா சார்?

ப: வாஸிலிஸ் ஸ்பனூலிஸை விட்டுட்டீங்களே! 1982-ல லாரிஸால பிறந்தவர். 2006-ல ஜப்பான்ல நடந்த உலகக் கோப்பை செமிஃபைனல்ல லெப்ரான், வேட், கார்மெலோன்னு ஸ்டார் பிளேயர்களா வந்து நின்ன அமெரிக்காவை 101-95-னு கிரீஸ் தூக்கிச்சு, அதுல இவர் மட்டும் 22 பாயிண்ட். அப்போ யானிஸுக்கு 11 வயசு. (ஃபைனல்ல ஸ்பெயின்கிட்ட 47-க்கு சுருண்டாங்க, அத இப்ப கிளற வேணாம்.)

கே: அப்புறம் ஏன் அமெரிக்க லீக் என்பிஏ-ல நிக்கல?

ப: ஹூஸ்டன் ராக்கெட்ஸ்ல ஒரே சீசன், 31 மேட்ச், சராசரி 2.7 பாயிண்ட். பந்தைக் கையில கொடுத்து "நீயே பாத்துக்கோப்பா"ன்னு விட்டாதான் இவர் ஆட்டம் வெளிய வரும், அஞ்சு நிமிஷம் இறக்கிட்டு திரும்ப பெஞ்சுல உக்கார வெச்சா என்னத்த ஆடுறது. பழைய கிளப் பனாதினைகோஸுக்கே திரும்பி வந்து 2009-ல ஐரோப்பிய கிளப்புகளோட பெரிய கப்பான யூரோலீக் ஜெயிச்சார். அதோட இருந்திருந்தா ஊர் கொண்டாடியிருக்கும், மனுஷன் 2010-ல பரம எதிரி ஒலிம்பியாகோஸுக்கு தாவிட்டார். பங்காளி வீட்டுக்கே மாப்பிள்ளையா போன மாதிரி! பழைய ரசிகர்கள் வருஷக்கணக்கா கூச்சல் போட்டே வரவேற்றாங்க.

ஆனா 2012 இஸ்தான்புல் யூரோலீக் ஃபைனல் பாத்தீங்களா? மூணாவது குவார்ட்டர்ல சிஎஸ்கேஏ மாஸ்கோ 19 பாயிண்ட் முன்னாடி, அவ்ளோதான்னு நெனச்ச மேட்ச் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி 61-60-க்கு வந்துச்சு, கடைசி பத்து செகண்ட் இருக்கும்போது அவங்க ஆளு சிஸ்காஸ்கஸ் ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் விட்டார். பந்து ஸ்பனூலிஸ் கையில. கடைசி ஷாட்டை இவர்தான் அடிப்பார்னு அரங்கத்துல எல்லாருக்கும் தெரியும், டிஃபென்ஸும் இவர் மேலயே சாஞ்சுது, உள்ள புகுந்தவர் பொசுக்குன்னு தன் டீம் ஆளு பிரின்டேசிஸுக்கு தள்ளி விட்டார், அவர் ஒத்தைக் கையால மிதக்க விட்டார், 62-61. கடிகாரத்துல ஒரு செகண்ட் கூட முழுசா இல்ல. நமக்குப் பிடிச்ச ஸ்பனூலிஸ் இதுதான், அடுத்த வருஷம் ரியல் மாட்ரிட்கிட்ட முதல் பாதியில முட்டை போட்டுட்டு ரெண்டாவது பாதியில 22 அடிச்சு மறுபடியும் கப் தூக்கினதுகூட இதுக்கு அப்புறம்தான்.

கே: பெரிய பிளேயர் நல்ல கோச் ஆக மாட்டார்னு எங்க மாமா அடிச்சு சொல்றார். சரியா?

ப: மாமாகிட்ட பெட்டு கட்டிடாதீங்க, பல பேர் விஷயத்துல அவர் சொல்றது சரிதான். தனக்கு தானா வந்தது அடுத்தவனுக்கு ஏன் வரலன்னே அவங்களுக்குப் புரியாது. ஸ்பனூலிஸ் 2021-ல ஆட்டத்தை நிறுத்தினார், நேரா பெரிய கிளப் நாற்காலியில போய் உக்காரல, 2022-ல பெரிஸ்டேரின்னு ஏதென்ஸ்லயே இருக்கற சின்ன கிளப்ல ஆரம்பிச்சார். அடுத்த வருஷமே கிரீஸ் தேசிய டீம் கையில வந்துச்சு. 2024 நவம்பர்ல மொனாகோ கிளப் பாதி சீசன்ல கூப்பிட்டாங்க, ஆறே மாசத்துல யூரோலீக் ஃபைனல், அபுதாபியில துருக்கி கிளப் ஃபெனர்பாசேகிட்ட 81-70 தோல்வி. 2025 செப்டம்பர்லயே ரிகால ஐரோப்பிய நாடுகள் மோதற யூரோபாஸ்கெட், மூணாவது இடத்துக்கான மேட்ச்ல ஃபின்லாந்தை 92-89-னு தாண்டி வெண்கலம், 2009-க்கு அப்புறம் கிரீஸுக்கு அதுதான் முதல் மெடல். அன்னிக்கு யானிஸ் 30 பாயிண்ட், கோர்ட் ஓரத்துல ஸ்பனூலிஸ். மாமாகிட்ட இத மட்டும் சொல்லிப் பாருங்க.