இரண்டு மடங்கு, சரி, எதில் இரண்டு மடங்கு?

வணக்கம். நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து காற்று மாசு பற்றி ஒரு துண்டறிக்கை போட்டோம். 'இந்தப் புகையால் நோய் வரும் அபாயம் இரண்டு மடங்கு' என்று தலைப்பு. முன்பு எத்தனை பேருக்கு வந்தது, இப்போது எத்தனை பேருக்கு என்று போடாதது ஏமாற்று வேலை என்று நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். நாங்கள் பொய் சொல்லவில்லையே. 'பத்தாயிரத்தில் இத்தனை பேர்' என்று எழுதினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

க.

அன்புள்ள க.,

நான் உங்கள் நண்பர் கட்சி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று எச்சரித்தது. அதுவும் பொய் இல்லை. பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில் ஏறத்தாழ 7,000 பேருக்கு ஒருவர், புதியதில் இருவர், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஊரெல்லாம் பரவியது 'இரண்டு மடங்கு' மட்டும். பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையையே நிறுத்திவிட, அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று பின்னால் கணக்கிட்டார்கள். இதில் கொடுமை, கர்ப்பத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையில் இருப்பதைவிட அதிகம்.

அப்புறம், 'இத்தனை பேரில் இத்தனை பேர்' என்று எண்ணிக்கையைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலை நாம் விளக்கேந்திய செவிலியாகவே நினைவில் வைத்திருக்கிறோம், ஆனால் அவர் புள்ளிவிவரத்தை வைத்து அரசோடு மல்லுக்கு நின்றவர். கிரிமியப் போர் முடிந்த பிறகு அவர் தோண்டி எடுத்த கணக்குகளில் ஒன்று, சண்டையே இல்லாமல் இங்கிலாந்திலேயே முகாம்களில் இருந்த சிப்பாய்களைப் பற்றியது. படைப்பிரிவைப் பொறுத்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 17, 19, 20 பேர் என்று செத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சாதாரண மக்களில் அது 11. இத்தனைக்கும் சிப்பாய்கள் உடல்நலம் பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள்! 'கிட்டத்தட்ட இரண்டு மடங்கு' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அவர். போகவில்லை. நான்கு எண்களையும் வைத்தார், வைத்துவிட்டு, ஆண்டுதோறும் 1,100 பேரைச் சாலிஸ்பரி சமவெளிக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொல்வது எவ்வளவு குற்றமோ இதுவும் அவ்வளவு குற்றம் என்றார். விகிதத்தை ஆள்கணக்காக மாற்றிக் காட்டியதும் அது எப்படி உறைக்கிறது பாருங்கள்.

ஆகவே தலைப்பில் 'இரண்டு மடங்கு' இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. அடுத்த வரியிலேயே முன்பு எத்தனை, இப்போது எத்தனை, உங்கள் பகுதி மக்கள்தொகைக்கு அது ஆண்டுக்கு எத்தனை பேர் என்று போட்டுவிடுங்கள். அந்த எண் அச்சிடக் கூச்சப்படும் அளவுக்குச் சின்னதாக வந்தால், பிரச்சினை துண்டறிக்கையில் இல்லை. எந்த நோயை முன்னால் வைத்துப் பேசுகிறீர்கள் என்பதையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

திருத்தியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த நண்பரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.