ஊர் மாறி வந்துவிட்டோம், குழந்தையின் தடுப்பூசித் தேதியும் தவறிவிட்டது. இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவார்களா? முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

தாராளமாகப் போடுவார்கள், அதுவும் இலவசமாக. முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. 6, 10, 14 வாரங்களில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியில் ஒன்று போட்டு நின்றிருந்தால், இரண்டாவதிலிருந்து தொடர்வார்கள். அடுத்ததற்கு நான்கு வாரமாவது இடைவெளி விடுவார்கள். தாமதத்துக்காகக் கூச்சப்பட்டு மேலும் தள்ளிப்போடாதீர்கள்.

தமிழ்நாட்டில் பொதுவாகப் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். பழைய தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள். தொலைந்துபோயிருந்தால் தாயின் பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்ணைச் சொல்லலாம். உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைச் சேர்த்துவிட்டால் அடுத்த தவணைகளுக்கு அவரே நினைவூட்டுவார்.

9 மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு மட்டும் சில இடங்களில் "அடுத்த புதன் வாங்க" என்பார்கள். அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான பொடி மருந்து இருக்கும்; அதைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். அதனால் குழந்தைகளைச் சேர்த்து வரச்சொல்கிறார்கள். தேதி கேட்டு வாங்கிக்கொண்டு மறக்காமல் போங்கள், தட்டம்மை லேசான நோயல்ல.

லேசான சளி இருந்தாலும் போடலாம். ஊசி போட்டதும் கிளம்பாமல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அன்றிரவு காய்ச்சல் வரலாம், அதற்குச் சொட்டு மருந்தும் அளவும் அவர்களே சொல்லித் தருவார்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.

அப்புறம், வீட்டில் கர்ப்பிணியோ 10, 16 வயதுப் பிள்ளைகளோ இருந்தால் அவர்களுக்கான டிடி (Td: ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசியையும் அங்கேயே கேளுங்கள்.