ஸ்டியரிங்கை ஆட்டிப் பாத்துட்டு அப்புறம் ப்ராப் வாங்குங்க

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே பல்லவிதான், "சார் என் போட்டு ஸ்பீடு பத்தல, எந்த ப்ராப் போடலாம்". ப்ராப்னா மோட்டார் அடியில சுத்தற புரொப்பெல்லர். எத்தனை அடி போட்டு, என்ன மோட்டார், இப்ப மாட்டியிருக்கிறது எத்தனை பிட்ச் (ப்ராப் ஒரு சுத்துக்கு எத்தனை இன்ச் முன்னாடி போகணுங்கற கணக்கு), ஃபுல் த்ராட்டில்ல ஆர்பிஎம் எவ்ளோ, ஒண்ணுமே எழுதல. அளவு சட்டை குடுக்காம தைக்கச் சொன்னா நான் என்னத்த தைக்கிறது? அதையெல்லாம் ஒதுக்கி வெச்சுட்டேன், பதில் வரலன்னு கோச்சுக்காதீங்க.

கே: டெக்சாஸ்ல ஏரில ஓட்றேன். 21 அடி பாஸ் போட்டு (மீன்பிடி போட்டு), 250 எச்பி அவுட்போர்டு மோட்டார், கியர் ரேஷியோ 1.75, பிட்ச் 24. 6000 ஆர்பிஎம்ல ஜிபிஎஸ் 70 மைல் காட்டுது. ப்ராப் மாத்தணுமா?

இவரு மனுஷன். எல்லா நம்பரும் இருக்கு. ஆர்பிஎம்மை கியர் ரேஷியோவால வகுத்து பிட்ச்சால பெருக்கி 1056-ஆல (இன்ச்சை மைலா மாத்தற நம்பர் அது) வகுத்தா 78 மைல் வருது, இது தண்ணில வழுக்கலே இல்லன்னா வர்ற கணக்கு. நீங்க போறது 70, அப்ப ஸ்லிப் பத்து பர்சென்ட். இந்த மாதிரி ஹல்லுக்கு (போட்டோட அடி உடம்புக்கு) அது நல்ல நம்பர்தான், ப்ராப் மேல கை வைக்க வேண்டாம். ஏத்தி இறக்கற ஜாக் பிளேட் இருந்தா மோட்டாரை கால் இன்ச் ஏத்தி ஓட்டுங்க, மறுபடி கால் இன்ச். மோட்டாரோட அடிப்பாகம், அந்த கியர்கேஸ், எவ்ளோ கம்மியா தண்ணில முங்குதோ அவ்ளோ இழுவை குறையும். ஏத்த ஏத்த, மோட்டாரைக் குளிர வைக்கற தண்ணியோட பிரஷர் மேல ஒரு கண்ணு இருக்கணும், ஃபுல் த்ராட்டில்ல பன்னெண்டு பிஎஸ்ஐ பக்கம் இறங்கி வந்தாலே போதும்னு நிறுத்திடுங்க. திருப்பத்துல ப்ராப் பிடிப்பு விட்டு ஆர்பிஎம் சும்மா எகிறினா ஒரு படி இறக்கிடுங்க. மாத்தறதை ஒண்ணு ஒண்ணா மாத்துங்க, ஒரே நாள்ல ஹைட்டும் ப்ராப்பும் சேத்து மாத்திட்டு எது வேலை செஞ்சுதுன்னு என்னைக் கேக்காதீங்க.

கே: டாஷ்போர்டு ஸ்பீடோமீட்டர் 75 காட்டுது, ஜிபிஎஸ் 68 தான் காட்டுது. எதை நம்பறது?

ஜிபிஎஸ்ஸை. தண்ணி அழுத்தத்தை வெச்சு ஓடற மீட்டர் நண்பர்கள்கிட்ட பெருமை அடிக்கத்தான் ஆகும்.

கே: 19 அடி போட்டு, கம்பெனி ஒட்டின பிளேட்ல மேக்ஸிமம் 200 எச்பின்னு இருக்கு. 250 மாட்டினா எவ்ளோ கூடும்?

மாட்டக்கூடாது. கணக்கு மட்டும் சொல்றேன். பிளேன் ஆகி, அதாவது தண்ணி மேல எழும்பி வழுக்கிட்டு, ஓடற போட்டுல ஸ்பீடு பவரோட வர்க்கமூலத்துக்குத்தான் ஏறும். கால் பங்கு பவர் கூட்டினா ஸ்பீடு பன்னெண்டு பர்சென்ட் கூட ஏறாது, இப்ப 60 போனா அப்ப 67. அந்த ஏழு மைலுக்கு புது மோட்டார் காசு, பின்னாடி கூடுதல் வெயிட், மோட்டார் மாட்டற பின்சுவரு, டிரான்ஸம், விரிசல் விடற பயம், விபத்து ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் அந்த பிளேட்டைத்தான் முதல்ல படிப்பான். முதல்ல லாக்கரைத் திறந்து பாருங்க. நாலு ஆங்கர், அஞ்சாறு பழைய கயிறு, போன வருஷத்து கூலர். பெட்ரோல் 200 லிட்டர்னா அதுவே 150 கிலோ, பக்கத்து கரைக்குப் போய்ட்டு வர டேங்க் ரொப்பணுமா?

கே: 68 மைல் தாண்டினா போட்டு இடமும் வலமுமா ஆட ஆரம்பிக்குது, போகப்போக பயங்கரமா ஆடுது. கடையில நாலு பிளேடு ப்ராப் போட சொன்னாங்க, போட்டேன். அப்புறம் இன்னொண்ணு போட்டேன். அப்படியேதான் இருக்கு.

வந்துட்டீங்களா. இதை நான் பத்து வருஷமா கத்திட்டு இருக்கேன், இன்னொரு தடவை கத்தறேன்.

இது சைன் வாக். சைன்னா ஹல்லோட அடியும் பக்கமும் சேர்ற விளிம்பு. ஸ்பீடு ஏற ஏற ஹல் தண்ணிய விட்டு மேல வந்து கடைசில கீழ இருக்கிற அந்த சின்ன தட்டைப் பகுதி, பேட், மேல மட்டும் நிக்குது, கயித்து மேல நடக்கற மாதிரி. ஒரு பக்கம் லேசா சாயுது, அந்தப் பக்கத்து சைன் தண்ணில பட்டு எதிர்ப்பக்கம் தள்ளுது, அது மறுபடி இந்தப் பக்கம். இதுக்கு நடுவுல ஸ்டியரிங்ல ஒரு துளி ஆட்டம் இருந்தா மோட்டார் தன் இஷ்டத்துக்கு அப்படி இப்படி திரும்பி ஆட்டத்தை ஊதி விடுது. இதுல நாலாவது பிளேடு என்ன பண்ணும்?

பத்து பைசா செலவில்லாத டெஸ்ட் இருக்கு. போட்டு டிரெய்லர்ல நிக்கட்டும், ஒருத்தர் ஸ்டியரிங் வீலை இறுக்கிப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் மோட்டாரோட அடியில துடுப்பு மாதிரி நீட்டிட்டு இருக்கிற ஸ்கெக்கை பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டணும். தெரியற மாதிரி ஆடினா அதுதான் உங்க வியாதி. ஹைட்ராலிக்னா ஹோஸ்ல காத்து இருக்கும், ப்ளீட் பண்ணணும். ஒத்தை கேபிள்னா இந்த ஸ்பீடுக்கு அது ஆகவே ஆகாது, மாத்துங்க. ரெண்டும் சரியா இருந்தா மோட்டார் மவுன்ட் ரப்பர், டில்ட் ட்யூப் புஷ், ஜாக் பிளேட் போல்ட்டு, வரிசையா பாருங்க. ஒரு தடவை மூணு ப்ராப் வாங்கி ஓஞ்சு போன ஒருத்தர் போட்டை என்கிட்ட கொண்டு வந்தாரு, ஸ்டியரிங் ஆர்ம்ல இருந்த நட்டு விரலால சுத்தினாலே சுத்துது! அந்த மூணு ப்ராப்பையும் வித்த கடை அதைத் தொட்டுக்கூட பாக்கல. நட்டு இறுக்க எவ்ளோ வாங்க முடியும், ப்ராப்புக்கு எவ்ளோ வாங்க முடியும், நீங்களே யோசிங்க.

ஆட்டம் சரியானதுக்கு அப்புறம் வெயிட். வலது பக்கம் சுத்தற ப்ராப் போட்டை இடது பக்கம் சாய்க்கப் பாக்கும், அதுக்குத்தான் டிரைவர் வலது பக்கம். நீங்க பேட்டரி ரெண்டையும் இடது பக்கம் வெச்சு, நண்பரையும் இடது பக்கம் உக்கார வெச்சா? அதுக்கும் அப்புறம்தான் ஓட்றவரு கை. சாஞ்சதுக்கு அப்புறம் திருப்பக்கூடாது, சாயப் போகுதுன்னு உக்கார்ற இடத்துல தெரியும்போதே வீலை ஒரு துளி. ஸ்பீடை ரெண்டு ரெண்டு மைலா ஏத்திப் பழகுங்க. கை மீறிப் போச்சுன்னா த்ராட்டிலை படக்குனு விடவே கூடாது, மூக்கு தண்ணில குத்தி போட்டு சுத்தி உங்களை வெளிய வீசிடும். மெதுவா குறைச்சு, ட்ரிம்மை (மோட்டாரோட சாய்வை) லேசா இறக்குங்க. நீங்க விழுந்தா மோட்டாரை நிறுத்தற கில் ஸ்விட்ச் கயிறு உங்க உடம்புல மாட்டியிருக்கணும், இதையும் இன்னொரு தடவை கத்தறேன்.

கே: கில் ஸ்விட்ச் கயிறு தொந்தரவா இருக்கு, மாட்டாம ஓட்டலாமா?

மேல இப்பதான் சொன்னேன். அமெரிக்காவுல 26 அடிக்குள்ள இருக்கிற போட்டுல பிளேன்ல ஓடும்போது மாட்டணும்னு 2021 ஏப்ரல் 1-லேர்ந்து சட்டமே இருக்கு. ஆளில்லாத போட்டு வட்டம் அடிச்சுட்டு உங்களைத் தேடித்தான் திரும்பி வரும்.

கே: புதுசுல 65 போச்சு, இப்ப 60 தாண்டல. மோட்டார் கம்ப்ரஷன் நல்லாத்தான் இருக்கு.

டிரெய்லரைப் பாருங்க. போட்டைத் தாங்கற கட்டை, பங்க், டிரான்ஸம் வரைக்கும் வராம முன்னாடியே நின்னுடுச்சுன்னா, மோட்டார் வெயிட்டு வருஷக்கணக்கா பின்பக்கத்தை கீழ தொங்க விட்டு ஹல் அடியில ஹூக், அதாவது கீழ்நோக்கி ஒரு வளைவு, விழுந்துடும், அது மூக்கை அமுக்கிட்டே இருக்கும். நீளமான நேரான இரும்புப் பட்டையை அடியில வெச்சா வளைவு இருக்கிற இடத்துல இடைவெளில வெளிச்சம் தெரியும். பட்டை ஒட்டி நின்னா போட்டை எடை மேடைக்குக் கொண்டு போங்க, உள்ள மிதக்கறதுக்கு வெச்ச ஃபோம் தண்ணி குடிச்சிருக்கலாம்.

கே: அடியில வாக்ஸ் தேய்ச்சா ஸ்பீடு கூடுமா?

பளபளப்பு கூடும். பாசியை சுரண்டுங்க, அதுக்கு பலன் உண்டு.

கே: 2018-ல ஆந்திரா அமராவதில ஃபார்முலா ஒன் போட்டு ரேஸ் பாத்தேன். அந்த மாதிரி டனல் ஹல் வாங்கினா வேகம் வருமே?

வரும். அடியில ரெண்டு பக்கமும் தனித்தனியா இருக்கிற ஹல்லுக்கு நடுவுல போற காத்தே போட்டைத் தூக்கிப் பிடிக்குது, தண்ணி இழுவை பாதி போயிடும். அதே காத்துதான் ட்ரிம் கொஞ்சம் ஏறினாலும் ஒரு அலை வந்தாலும் மூக்கைத் தூக்கி பின்னாடி கவுத்துடும். தண்ணில வேக ரெக்கார்டு போட்ட டொனால்ட் கேம்ப்பெல் 1967 ஜனவரி 4-ம் தேதி இங்கிலாந்து கோனிஸ்டன் ஏரில இறந்ததும் மூக்கு தூக்கித்தான், அது 300 மைல் பக்கம், சரி, ஆனா காத்துக்கு உங்க 90-ம் போதும். ரேஸ்காரங்க மூடின காக்பிட்ல பெல்ட் போட்டு உக்காந்திருக்காங்க. நீங்க கூலர் மேல கால் போட்டுட்டு ஓட்றீங்க.

கே: துபாய்ல இருக்கேன். ஜனவரில 70 போன போட்டு ஆகஸ்ட்ல 67 தான் போகுது. ப்ராப் மாத்தலாமா?

வேண்டாம். 20 டிகிரில இருக்கிற காத்து 45-ல எட்டு பர்சென்ட் லேசாயிடும், அவ்ளோ பவரு போச்சுன்னா மூணு மைல் போகத்தான் செய்யும், கணக்கு அச்சா வருது. டிசம்பர் வரைக்கும் பொறுங்க.