கண்ணகி என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம். பெண் பிறந்தால் கண்ணகி, ஆண் பிறந்தால் நன்னன் என்று வைக்க ஆசைப்படுகிறேன். நன்னன் என்றால் 'நல்லவன்' என்று இணையத்தில் ஒரு பட்டியலில் படித்தேன். கண்ணகி துயரப்பட்டவள், அந்தப் பெயர் வேண்டாம் என்கிறார் அம்மா. மாமியாருக்கோ புராணப் பெயர்தான் வேண்டும். எப்படி முடிவு செய்வது?

பதில்: கண்ணகியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அம்மா சொல்வதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். துயரப்பட்டவர்கள் பெயரெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கினால் சீதை, தமயந்தி, சாவித்திரி, சகுந்தலை என்று யாருமே மிஞ்சமாட்டார்கள். அந்தப் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக ஆசையோடு வைத்துக்கொண்டுதானே இருக்கிறோம்? கண்ணகி என்றதும் அவள் கணவனை இழந்தது நினைவுக்கு வருகிறது. அதற்கடுத்து அவள் செய்தது மறந்துபோகிறது.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை எடுத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அறியாத ஊரில், துணைக்கு ஒருவரும் இல்லாத பெண், அரசனை நேருக்கு நேர் 'தேரா மன்னா' என்று அழைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம். பேச்சை வளர்க்காமல் சிலம்பை உடைக்கிறாள். உள்ளிருந்த மணி பாண்டியன் வாயருகே தெறிக்கிறது. 'யானே கள்வன்' என்று அவன் தன் வாயாலேயே சொல்லி உயிரை விடுகிறான். ஆராயாமல் கொடுத்த தீர்ப்பை ஆதாரத்தோடு முறியடித்தவளின் பெயர் அது. என்னைக் கேட்டால் தயங்காமல் வைக்கச் சொல்வேன்.

நன்னன் விஷயத்தில்தான் தயங்குகிறேன். குறுந்தொகையின் 292ஆம் பாட்டில் பரணர் சொல்லும் நன்னனைப் பாருங்கள். குளிக்கப் போன பெண் ஒருத்தி, ஆற்றில் மிதந்து வந்த பசுங்காயை எடுத்துத் தின்றுவிடுகிறாள். அது நன்னனின் மரத்து மாங்காய். அந்தத் தப்புக்கு ஈடாக 81 யானைகளும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் கொடுக்க முன்வருகிறார்கள். நன்னன் வாங்கவில்லை, அவளைக் கொன்றான். 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்று பரணர் எழுதிவிட்டார். இத்தனை நூற்றாண்டுகள் கழித்தும் அந்த அடைமொழி அழியவில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். மலைபடுகடாம் என்ற நூலின் பாட்டுடைத் தலைவன் பெயரும் நன்னன்தான். கூத்தருக்கு வாரிக் கொடுத்த வள்ளல் அவன். வழக்கில் புழங்கிப் புழங்கிப் பழைய நிழலை உதறிவிட்ட பெயர்களும் உண்டு. மேகநாதன் என்பது இராவணன் மகன் இந்திரசித்தின் இயற்பெயர். இன்று ஒரு மேகநாதனைப் பார்த்து யாரும் இலங்கையை நினைப்பதில்லை. ஆகவே நன்னன் கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மகன் வளர்ந்து குறுந்தொகையைப் புரட்டிவிட்டு வந்து கேட்டால், நீங்கள் எந்த நன்னனை நினைத்து வைத்தீர்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இதைவிடக் குமணன் பிடிக்கும். நாட்டை இழந்து காட்டில் இருந்தவனிடம் பரிசில் கேட்டுப் புலவர் வருகிறார். கொடுக்க ஒன்றும் இல்லை என்று, தன் தலையைக் கொய்துகொள்ளும்படி வாளை நீட்டுகிறான். புறநானூறு 165.

இணையப் பட்டியலில் படித்ததாகவும் சொல்கிறீர்கள். அத்தகைய பட்டியல்களைப் பெயர்களைத் தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள், பொருளுக்கு நம்பாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இன்று இணையத்திலேயே தேடலாம். சொல்லுக்குப் பொருள் அங்கே பாருங்கள். பெயர் ஒருவருடையது என்றால் அவர் வரும் பாட்டையே உரையோடு படித்துவிடுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. வள்ளல் பாரியின் மகள்களுக்குச் சொல்லப்படும் அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் சங்கப் பாடல்களில் இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். புறநானூற்றில் 'பாரி மகளிர்' என்றுதான் இருக்கிறது. அந்தப் பெயர்கள் பிற்காலக் கதைகளில் வருபவை. அதனால் அவற்றின் அழகு குறையவில்லை, சங்கப் பெயர் என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

அடுத்தது காது. கடையெழு வள்ளல்களில் ஆய் ஒருவன், ஆனால் இன்றைய குழந்தைகளின் வாயில் அந்தச் சொல் என்ன ஆகிவிட்டது என்று உங்களுக்கே தெரியும். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. 'அஞ்சி' என்று மட்டும் கூப்பிட்டால் பயந்தவன் என்று கேட்கும். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலவும், தூரத்தில் விளையாடும் பிள்ளையை அழைப்பது போலவும் பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். இரட்டைக் குழந்தைகளுக்குக் காரி, ஓரி என்று வைக்கலாமா என்று ஒரு தம்பதி என்னைக் கேட்டார்கள். இருவருமே வள்ளல்கள்தாம். ஆனால் ஓரியைக் கொன்றவன் காரி என்று அகநானூறு சொல்கிறது. ஓசைப் பொருத்தத்தை மட்டும் பார்த்து அண்ணன் தம்பிக்கு அப்படியா பெயரிடுவது?

ழகரம் உள்ள பெயர் என்றால், ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை முதல் நாளே முடிவு செய்து எல்லா ஆவணங்களிலும் அதையே எழுதுங்கள்.

இனி மாமியார். மாதவிக்குப் பெண் பிறந்தபோது கோவலன் என்ன செய்தான் என்று அடைக்கலக் காதையில் வருகிறது. அவன் முன்னோன் ஒருவன் கப்பல் உடைந்து இருட்டில் கடலில் தவித்தபோது, மணிமேகலா தெய்வம் வந்து கரை சேர்த்தது. அந்தத் தெய்வத்தின் பெயரையே குழந்தைக்கு இடச் சொல்கிறான். மாமியாரின் விருப்பத்துக்குப் பின்னாலும் அப்படி ஏதாவது வேண்டுதலோ நன்றியோ இருக்கலாம். எந்தப் பெயர் என்று கேட்பதோடு, ஏன் அந்தப் பெயர் என்றும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். புராணம் என்றாலே இலக்கியத்துக்கு எதிர் என்று நினைக்கத் தேவையில்லை. கம்பனைத் திறந்தால் சீதை ஒருத்திக்கே சானகி, மைதிலி, வைதேகி என்று பெயர்கள் கிடைக்கும். லட்சுமணன் அங்கே இலக்குவன்.

கண்ணகிக்கு வீட்டில் எப்படியும் சம்மதம் கிடைக்காது என்றால் ஆதிரையைச் சொல்லிப் பாருங்கள். ஆதிரை சிவனுக்குரிய நாள்மீன், மாமியாருக்கு அது போதும். உங்களுக்கு மணிமேகலைக் காப்பியம் இருக்கிறது: அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. கப்பல் உடைந்து இறந்துவிட்டதாகச் செய்தி வந்த அவள் கணவன் சாதுவன் உயிரோடு வீடு திரும்புகிறான், அதனால் அம்மாவும் மறுக்கமாட்டார்.