மதுரை – சென்னை விமானத் தூரம் எவ்வளவு, போய்ச்சேர எவ்வளவு நேரம், ரயிலைவிட லாபமா?

நேர்கோட்டில் சுமார் 417 கி.மீ. சில தளங்களில் 420 என்றிருக்கும். அது ஊருக்கு ஊர் அளந்தது. 417 என்பது விமான நிலையத்துக்கு விமான நிலையம். நீங்களே சரிபார்க்கலாம். இரண்டு நிலையங்களுக்கும் அட்சரேகை வித்தியாசம் 3.16 டிகிரி, தீர்க்கரேகை வித்தியாசம் 2.08 டிகிரி. நம்ம பக்கத்தில் ஒரு டிகிரிக்கு வடக்கு-தெற்காக 110.6 கி.மீ., கிழக்கு-மேற்காக 109 கி.மீ. பெருக்கினால் 349.5, 227. இரண்டையும் வர்க்கம் பண்ணிக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், 417 வந்துவிடும்.

இதை வேகத்தால் வகுத்து நேரம் பார்க்கிறவர்கள்தான் ஏமாறுவார்கள். இந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆர் (இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானம்) மணிக்கு 500 கி.மீ. போகும். கணக்குப்படி 50 நிமிடம். டிக்கெட்டில் ஒன்றேகால் மணியோ அதற்கு மேலோ போட்டிருப்பார்கள். நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, மறுபடி போய் நிற்கும் வரைக்குமான நேரம் அது. மேற்கிலிருந்து காற்று வீசுகிற நாளில் மீனம்பாக்கத்தில் கடல் பக்கமாகப் போய்த் திரும்பி வந்து இறங்க வேண்டியிருக்கும். ஜெட் என்றாலும் ஏறி இறங்குவதிலேயே பாதித் தூரம் போய்விடுவதால், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் மிச்சமில்லை.

வாசலுக்கு வாசல் கணக்குப் போடுங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து தெற்குவாசல், வில்லாபுரம், அவனியாபுரம் வழியாக விமான நிலையத்துக்கு 40 நிமிடம். முகூர்த்த நாளென்றால் இதை நம்பாதீர்கள். மாட்டுத்தாவணி பக்கம் இருப்பவர்கள் ஊருக்குள் நுழையாமல் ரிங் ரோட்டில், விமான நிலையச் சாலை பிரியும் மண்டேலா நகர் வந்துவிடலாம். பெட்டி போடும் கவுன்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், அதனால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போயாக வேண்டும். பறக்க ஒன்றேகால். பெட்டி வர 20 நிமிடம். மெட்ரோ பிடித்து, ஆலந்தூரில் மாறி எழும்பூர் போக முக்கால் மணி. ஆக நாலரை மணி நேரம். வந்தே பாரத் ரயில் சுமார் ஆறு மணி நேரத்தில் எழும்பூரிலேயே இறக்கிவிடும்.

வேலை கிண்டி, பல்லாவரம் பக்கமென்றால் விமானம் சரி. எழும்பூர், பாரிமுனை என்றால் ஒன்றரை மணி நேர மிச்சத்துக்கு அந்தக் காசு தண்டம் என்பேன். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால் விடியும்போது எழும்பூர், பகலும் கையில் இருக்கும்.

ஏடிஆரில் போகிறவர்களுக்கு ஒன்று: தலைக்கு மேல் இருக்கும் பெட்டி அறை சிறியது. தள்ளுபெட்டி நுழையாது, ஏணிப்படி அருகிலேயே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். லேப்டாப், மாத்திரை, சாவியை முன்னாடியே எடுத்துத் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.