பவர் பிஐ மாறிவிட்டதாம், மறுபடியும் ஃபீஸ் கட்டலாமா?

அண்ணா, நேற்று ராத்திரி நீங்கள் போனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. மகள் பி.காம் முடித்துவிட்டு ஆறு மாதம் பவர் பிஐ, அதாவது கணக்கு விவரங்களைச் சார்ட்டும் ரிப்போர்ட்டுமாக மாற்றும் மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர், படித்திருக்கிறாள். இப்போது ஒரு பயிற்சி மையத்தில், “அது பழைய வெர்ஷன், ஏஐ வந்துவிட்டது, 40 ஆயிரம் கட்டு” என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டீர்கள். வைக்காதீர்கள்.

பவர் பிஐ 2015-ல் வெளிவந்தது. அன்றிலிருந்து அநேகமாக மாதாமாதம் அப்டேட் ஆகிறது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஃபீஸ் கட்டினால் படித்து முடிக்கவே முடியாது. புதிதாக வருவது பெரும்பாலும் பழைய வேலையைச் சுருக்குகிற வசதிதான். ஒன்று சொல்கிறேன். நீங்கள் டிரெய்லர் ஓட்டுகிறீர்கள். ஒன்றாம் தேதியிலிருந்து இன்று வரை சேர்ந்த வாடகை எவ்வளவு என்று நாளுக்கு நாள் கூட்டிக் காட்ட வேண்டுமானால், முன்பு டேக்ஸ் (DAX) என்ற பவர் பிஐயின் ஃபார்முலா மொழியில் நீளமாக ஒரு ஃபார்முலா எழுத வேண்டும். 2024 பிப்ரவரியில் விஷுவல் கால்குலேஷன் என்ற வசதி முன்னோட்டமாக வந்தது. இப்போது ரன்னிங்சம் என்று ஒரே வரி போதும். பழையது புரிந்தவளுக்கு இது ஒரு சாயங்கால வேலை.

சரி, அவர்கள் சொல்கிற ஏஐ, பவர் பிஐக்குள் இருக்கும் கோபைலட்? அது நல்ல வசதிதான், இங்கிலீஷில் கேள்வி கேட்டால் சார்ட் போட்டுத் தரும். ஆனால் அதற்கு நிறுவனம் காசு கட்டி வாங்கிய கெப்பாசிட்டி, அதாவது மைக்ரோசாஃப்ட் சர்வரில் அதற்கென ஒதுக்கிய திறன், வேண்டும். வீட்டு லேப்டாப்பில் இலவசமாக இறக்கிய பவர் பிஐ டெஸ்க்டாப்பை மட்டும் வைத்து அதை ஓட்ட முடியாது. அந்த மையத்துக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “உங்கள் லேபில் என் மகள் கையாலேயே கோபைலட்டை ஓட்டிப் பார்க்க முடியுமா?” பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவளுக்கு நிஜமாகத் தேவையான பயிற்சி உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. போன மாதம் நீங்கள் காட்டிய டிரிப் நோட்டைத்தான் சொல்கிறேன். தேதி, கன்டெய்னர் நம்பர், எந்த யார்டு, டீசல், கேட்டில் காத்திருந்த நேரம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கத்தில் ‘எண்ணூர்’, அடுத்ததில் ‘எண்ணூர் போர்ட்’, இன்னொன்றில் ‘காமராஜர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மூன்றும் ஒரே இடம். சாஃப்ட்வேருக்கு மூன்று இடம். அப்படியே ஏற்றினால் கோபைலட்டும் மூன்றாகப் பிரித்துத்தான் கணக்குச் சொல்லும், தப்பைத் தயங்காமல் சொல்லும். பவர் பிஐக்குள்ளேயே டேட்டாவைச் சுத்தம் செய்யும் பவர் கொயரியில் அந்த மூன்றையும் ஒரே பெயராக்குவது, கன்டெய்னர் நம்பர் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமுமாகப் பதினொன்று இருக்கிறதா என்று சரிபார்ப்பது, டிரிப் ஒரு டேபிள், யார்டு ஒரு டேபிள், தேதி ஒரு டேபிள் என்று பிரித்து இணைப்பது: இதைச் செய்யத் தெரிந்தவளைத்தான் ஆபீஸில் தேடுகிறார்கள்.

தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு பக்கம் கஸ்டம்ஸ் ஏஜென்ட், ஷிப்பிங் ஆபீஸ்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். மாதவரம், மணலி யார்டுகளும் இருக்கின்றன. எம்ஐஎஸ் எக்ஸிகியூட்டிவ், அதாவது ஆபீஸ் ரிப்போர்ட் தயாரிக்கும் வேலைக்கு ஆள் எடுத்தால், டிமரேஜ் (கன்டெய்னரைத் தாமதமாக எடுத்தால் கட்டும் கட்டணம்) என்றால் என்னவென்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு அது பெரிய பலம். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

சர்டிபிகேட் வேண்டுமென்றால் பவர் பிஐக்கென்று மைக்ரோசாஃப்ட் நடத்தும் பிஎல்-300 தேர்வு எழுதட்டும். 1000-க்கு 700 எடுத்தால் பாஸ். அதற்கான பாடம் மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் இலவசம். தேர்வுக் கட்டணம் மட்டும்தான் செலவு. சர்டிபிகேட்டை வருடா வருடம் ஆன்லைனில் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் காசு இல்லை. அந்தப் புதுப்பிப்புக்குப் படிக்கும்போதே மாறியதையும் தெரிந்துகொள்வாள்.

அப்புறம் ஒரு விஷயம். ரிப்போர்ட்டை ஆன்லைனில் ஏற்ற ஜிமெயில் ஒத்துக்கொள்ளாது, கல்லூரி அல்லது ஆபீஸ் மெயில் வேண்டும். இல்லையென்று அவள் கலங்க வேண்டாம், பிடிஎஃப் ஆக எடுத்து இன்டர்வியூவுக்குக் கொண்டுபோகலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளை அனுப்புங்கள். லேப்டாப்போடு உங்கள் கடைசி மூன்று மாத நோட்டையும் கொடுத்தனுப்புங்கள். முதலில் அந்த எண்ணூரை ஒன்றாக்குவோம்.