தாள் அழகாகத்தான் இருக்கிறது, படம்தான் வரமாட்டேன் என்கிறது

கேள்வி: பழைய பருத்தித் துணியையும் கழிவுத் தாளையும் கூழாக்கி வீட்டிலேயே தாள் செய்கிறேன். பிளைவுட் பலகைகளில் ஜெஸ்ஸோவும் (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) டெக்ஸ்சர் பேஸ்ட்டும் (மேடுபள்ளம் உண்டாக்கும் தடித்த பசை) பூசி வைத்திருக்கிறேன். அவற்றில் வாட்டர் கலர், அக்ரிலிக், பாஸ்டல், இங்க், கொலாஜ் எல்லாம் கலந்து நிலக்காட்சி வரைய ஆசை. ஆனால் தாளில் வண்ணம் ஊறிப் பரவிவிடுகிறது. பலகையிலோ வாட்டர் கலர் ஒட்டுவதே இல்லை. எப்படியோ முடித்தாலும் மலை, மரம், வானம் எல்லாம் ஒரே சேறாகத் தெரிகிறது. நல்ல தாள்களைப் பாழாக்க மனம் வராமல் பாதியைத் தொடவே இல்லை. ஒரே மீடியத்தை முதலில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, அப்புறம் இதற்கு வர வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒன்றும் அவசியமில்லை. உங்களுக்கு இடிக்கிற இடம் வேறு. தாளையும் பலகையையும் ஆசை ஆசையாகச் செய்து அடுக்கிவிடுகிறீர்கள். அப்புறம்தான் அதில் என்ன வரையலாம் என்று யோசிக்கிறீர்கள். நிலக்காட்சிக்கு இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். காட்சி முதலில், பரப்பு அப்புறம். ஏன் என்று சொல்வதற்கு முன், நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு தொல்லைகளையும் தீர்த்துவிடுவோம். இரண்டுமே உங்கள் கைத்திறனைப் பற்றியவை அல்ல.

கூழிலிருந்து எடுத்து அப்படியே காயவைத்த தாள், மை ஒற்றும் தாள்தான். நீரைக் கண்டதும் குடித்துவிடும். கடையில் வாங்கும் வாட்டர் கலர் தாளில் வண்ணம் மேலே நிற்பதற்குக் காரணம் அதன் சைஸிங், அதாவது நீரை உடனே குடித்துவிடாமல் தடுக்கும் பசை. ஐரோப்பாவின் பழைய தாள் பட்டறைகளில் காய்ந்த தாளை ஜெலட்டின் கரைசலில் முக்கி எடுப்பார்கள். நீங்களும் அதையே செய்யலாம். இனிப்போ வாசனையோ சேர்க்காத ஜெலட்டின் 20 முதல் 30 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பிறகு மெல்லச் சூடாக்கிக் கரையுங்கள், கொதிக்க விடாதீர்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே அகலப் பிரஷால் இருபுறமும் தடவிக் காயவிடுங்கள். தாள் நன்றாக உலர்ந்து சில வாரங்கள் ஆகியிருந்தால் நல்லது; புதுத் தாள் பிரஷோடு பிய்ந்து வரும். சோதனை எளிது: ஒரு சொட்டு நீர் விடுங்கள். உடனே மறைந்தால் இன்னொரு கை தடவ வேண்டும். முத்தாகச் சற்று நேரம் நின்றால் வரையலாம்.

கழிவுத் தாளில் செய்தித்தாள் கலந்திருந்தால் அதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டு மஞ்சளாகும். நிலைக்க வேண்டிய படத்துக்குப் பருத்திக் கூழ் மட்டும்.

பலகையின் கதை இதற்கு நேர்மாறு. இன்றைய ஜெஸ்ஸோ அக்ரிலிக் பாலிமர், அதாவது ஒருவகை பிளாஸ்டிக் படலம். அதில் வாட்டர் கலர் உள்ளே இறங்காமல் உருண்டு ஓடும். அதற்கென்றே வாட்டர் கலர் கிரவுண்டு என்ற உறிஞ்சும் அடிப்பூச்சு விற்கிறார்கள். இல்லையென்றால் ஜெஸ்ஸோவில் கொஞ்சம் மார்பிள் தூள் கலந்து பூசி, காய்ந்தபின் நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். உறிஞ்சும் தன்மையும் வரும், பாஸ்டலுக்குப் பிடிப்பும் கிடைக்கும். தூள் கலக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் கட்டாயம். பிளைவுட்டின் பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுங்கள், பலகை வளைவது குறையும்.

சரி, இப்போது சேற்றுக்கு வருவோம்.

நிலக்காட்சி என்பது முக்கால்வாசி தூரத்தைப் பற்றிய விஷயம். தொலைவு மலை வெளிறி, நீலம் ஏறி, விளிம்பு மங்கித் தெரிகிறது. வண்ணத்தில் இதைச் செய்யப் பலருக்கும் தெரியும். ஆனால் பரப்பின் மேடுபள்ளமும் தூரத்தைப் பேசும் என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. பேஸ்ட்டின் ஒரு மேடு நிஜமான வெளிச்சத்தைப் பிடித்து நிஜமான நிழலைப் போடுகிறது. அந்த மேடு தொலைவு மலையில் இருந்தால், நீங்கள் எவ்வளவு வெளிறிய நீலம் பூசினாலும் மலை மரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். நீங்கள் பலகை முழுவதும் ஒரே மாதிரி பேஸ்ட் அப்பியிருப்பீர்கள் என்பது என் ஊகம். அப்படியென்றால் வானமும் வயலும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. அந்தச் சண்டையில் நிறங்கள் ஜெயிக்க முடியாது.

அதனால் முதலில் உள்ளங்கை அளவில் ஒரு பென்சில் ஸ்கெட்ச். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே டோன். அதன்மேல் இன்னொரு கேள்வி: எங்கே வழவழப்பு, எங்கே சொரசொரப்பு? அதற்குப் பிறகுதான் பலகையை எடுக்க வேண்டும்.

ஒரு சாதாரணக் காட்சியை எடுத்துக்கொள்வோம். மேலே வானம், அதற்கு அடியில் மலைத்தொடர், நடுவில் வயல், முன்னால் புல் மண்டிய கரை. வானத்துக்கு மெல்லிய ஜெஸ்ஸோ, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக. மலைக்கு டிஷ்யூ தாளைக் கையால் கிழித்து மேட் மீடியத்தால் (பளபளப்பில்லாத அக்ரிலிக் பசை) ஒட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், கிழித்த விளிம்பின் நார்தான் அங்கே பனிமூட்டம். வயலுக்கு ஜெஸ்ஸோவைக் கிடைமட்டமாக இழுத்து, பிரஷின் தடத்தை அப்படியே விடுங்கள். கரையில் மட்டும் பேஸ்ட்டைத் தடிமனாக அப்பி, பழைய சீப்பாலோ அட்டை விளிம்பாலோ மேல்நோக்கிக் கீறுங்கள். எல்லாம் முழுக்கக் காய்ந்தபின், நீர்த்த அக்ரிலிக்கை ஒரு பழுப்புப் பூச்சாகக் கரையின் மேல் ஓட்டி, ஈரத் துணியால் உடனே துடைத்துவிடுங்கள். மேடுகள் வெளுத்துவிடும், கீறலுக்குள் மட்டும் நிறம் தங்கும். நீங்கள் ஒரு புல்லைக்கூட வரையவில்லை, ஆனால் புல் வந்திருக்கும். அது உலர்ந்ததும் வெளிர்மஞ்சள் சாஃப்ட் பாஸ்டலைப் படுக்கவைத்து லேசாக இழுத்தால், மேட்டு நுனிகளில் மட்டும் வெயில் ஏறும்.

இதில் வண்ணத்துக்குப் பயன்பட்டவை இரண்டே: நனைந்த ஒன்று, உலர்ந்த ஒன்று. உங்களுக்கும் இப்போதைக்கு அதுவே போதும் என்பேன். பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகா 1892இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த நிலக்காட்சிகளில் அடியில் எண்ணெய் வண்ண மோனோடைப் அச்சு (தகட்டில் வரைந்து தாளில் ஒற்றி எடுப்பது), பலவற்றில் அதன்மேல் பாஸ்டல், அவ்வளவுதான். இங்க், தங்க ரேக்கு, பட்டன், காய்ந்த இலை என்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் ஏற்றச் சொல்கிற பயிற்சிகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது.

வரிசையிலும் ஒரு கண் இருக்கட்டும். நீரில் கரைபவை அடியில், மெழுகும் எண்ணெயும் மேலே. ஆயில் பாஸ்டல் மேல் அக்ரிலிக் பூசினால் பிறகு உரிந்து வரும். ஆனால் மெழுகு வாட்டர் கலரைத் தள்ளுவதை வேண்டுமென்றே பயன்படுத்தலாம்: தண்ணீரில் மின்னும் ஒளிக்கு வெள்ளை மெழுகுவர்த்தியால் கோடிழுத்து, மேலே நீலம் ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் வண்ணத்தை மட்டும் வெறும் தாளில் பூசாதீர்கள், எண்ணெய் நாரை நாளடைவில் நொறுங்க வைக்கும். ஒவ்வொரு பூச்சும் முழுசாகக் காய்ந்தபின் அடுத்தது என்றாலே சேறு பாதி குறைந்துவிடும்.

தொட மனம் வராத தாள்களை என்ன செய்வது? ஒன்றை எடுத்து அஞ்சலட்டை அளவுக்குக் கிழித்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் என்ன சைஸிங், எத்தனை கை என்று எழுதி, முன்னால் நீங்கள் வைத்திருக்கும் எல்லாவற்றையும் தீற்றிப் பாருங்கள். முழுத் தாளில் வரையும்போது, தாளைத் தெரியவிடுங்கள். ஆங்கில ஓவியர் டர்னர் நீலத் தாளில் கவாஷ் (ஒளி ஊடுருவாத வாட்டர் கலர்) வைத்து வரைந்தபோது பல இடங்களில் தாளின் நீலத்தையே நடுநிறமாக விட்டுவைத்தார். உங்கள் தாளிலும் துணியின் நிறமும் நாரும் இருக்கும். மங்கிய வானத்துக்கோ மணலுக்கோ அதுவே போதுமானதாக இருக்கலாம். முழுக்க அக்ரிலிக்கால் மூடப்போகிறீர்கள் என்றால் கடைத் தாளே போதுமே. பிசிறு ஓரம் அழகுதான், ஆனால் அந்த ஓரத்துக்காக நடுவில் இருக்கும் சுமாரான படத்தை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே பேஸ்ட் அப்பிய பலகைகளை எறிய வேண்டாம். ஜன்னல் ஓரத்தில் சாய்த்து வைத்து, நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் அதிகம் கரடுமுரடோ அது கீழே வரட்டும். எதிர்ப்பக்கத்தின் மேடுகளைக் கரடான உப்புத்தாளால் தேய்த்து இறக்கி, இரண்டு கை ஜெஸ்ஸோ பூசினால் வானத்துக்கு இடம் கிடைத்துவிடும்.